உள்ளூர் ஆள் ஒருவர் கட்டாயம்

மோகனசுந்தரத்துக்கு முப்பத்தொன்பது வயது. கேரளத்தில், தமிழ்நாட்டு எல்லையோரம், கொழிஞ்சாம்பாறையிலிருந்து வேலந்தாவளம் போகிற சாலையில் இருக்கும் எங்கள் ஊர்ப் பால் சொசைட்டியில், காலையும் மாலையும் பாலைச் சோதித்து வாங்குவது அவன் வேலை. அவன் கையில் பால்மானி இருக்கும்போது சொந்த மாமியார் வந்தாலும் தண்ணீர் கலந்த பால் உள்ளே போகாது. மாமியார் ஒரு தடவை வந்தார், பால் உள்ளே போகவில்லை. அதற்குப் பிறகு ஆறு மாதம் அவன் மாமியார் வீட்டில் கை நனைக்கவில்லை. கூப்பிடவில்லை என்பதுதான் சரி.

இப்படிப்பட்டவன் ஒரு கால்பந்து வீரனும்கூட. இதை அவனை நேரில் பார்த்தவர்கள் நம்ப மாட்டார்கள். அவன் ஆடிப் பார்த்தவர்கள் சிரிப்பார்கள். பதினோரு வருடமாக அவர்களைச் சிரிக்க வைத்ததில் எனக்கும் பெரிய பங்கு உண்டு, ஏனென்றால் மைக் என் கையில்தான் இருந்தது.

எங்கள் வெள்ளிநிலா ஆர்ட்ஸ் அண்ட் ஸ்போர்ட்ஸ் கிளப் ஒவ்வொரு மாசியிலும், அறுவடை முடிந்து வயல் காய்ந்ததும், ஒரு செவன்ஸ் டூர்ணமென்ட் நடத்தும். டீமுக்கு ஏழு பேர், சின்ன மைதானம், கமுகு மரத்தில் கட்டிய கேலரி. பட்டாம்பி, பெரிந்தல்மண்ணா என்று மேற்கிலிருந்து சம்பள வீரர்களின் டீம்கள் வரும். கிளப் தலைவர் செங்கோட்டையன். பதினான்கு வருடமாக அவரே தலைவர், மைதானம் அவருடைய வயல் என்பதே அவருடைய தகுதி. செயலாளர் நான். எனக்குத் தகுதி குரல்.

முதல் சில வருடங்கள் ஊருக்குள் ஒரே முணுமுணுப்பு. வயல் நம்முடையது, டிக்கெட் வாங்குவது நாம், வந்தவர்கள் ஒன்றுக்குப் போய் நாறடிப்பது நம் வாய்க்கால், ஆனால் மைதானத்துக்குள் நம் ஆள் ஒருவன்கூட இல்லையே என்றார்கள். நியாயமாகத்தான் பட்டது. அதனால் கமிட்டி கூடி ஒரு விதி போட்டோம். வருகிற ஒவ்வொரு டீமிலும் எங்கள் பஞ்சாயத்து ஆள் ஒருவர் கட்டாயம் ஆட வேண்டும். முதல் விசிலிலிருந்து கடைசி விசில்வரை அவர் மைதானத்தில் இருக்க வேண்டும், பாதியில் வெளியே எடுக்கக் கூடாது. விதியை அழகான கையெழுத்தில் எழுதியவன் நான்தான்.

வெளியூர் மேனேஜர்கள் கெட்டிக்காரர்கள். உள்ளூரில் யார் நன்றாக ஆடுவார் என்று அவர்கள் தேடவில்லை, யாரால் சேதாரம் குறைவு என்று தேடினார்கள். அந்தத் தேடலில் முதலாவதாக வந்தவன் மோகனசுந்தரம். அவனை வலது மூலையில் நிறுத்தி, "பந்து வந்தால் வெளியே அடி, வராவிட்டால் சும்மா நில்" என்று சொல்லிவிடுவார்கள். அவனும் பந்து வந்தால் பக்கத்துத் தென்னந்தோப்புக்குள் அடிப்பான். கேலரி மொத்தமும் "தேங்கா போட்டாச்சு!" என்று கத்தும். நான் மைக்கில், "நமது மோகனசுந்தரம் தலைவருடைய தோப்பைப் பார்வையிட்டுத் திரும்புகிறார்" என்பேன். அதற்கு ஒரு சிரிப்பு வரும். ஒரு வருடம் அவன் நின்ற டீம் எட்டு கோல் வாங்கியது. அன்றைக்கு என்னிடம் நகைச்சுவை கையிருப்பே தீர்ந்துவிட்டது.

இந்த வருடம் டூர்ணமென்ட் தொடங்கும்போதே செங்கோட்டையன் வேறு ராகம் பாடினார்.

"தெறமைக்கு மட்டுந்தான் எடங்கொடுக்கோணும். கோட்டாவெல்லாம் வெச்சா ஆட்டம் உருப்படாதுங்க. ஃபைனல் முடிஞ்சதும் கமிட்டி கூடி அந்த ரூலைத் தூக்கிப்போடலாம்."

எனக்கும் அது சரி என்றே பட்டது. திறமை என்ற சொல்லுக்கு எதிராக யார் கை தூக்குவார்கள்? விஷயத்தை மோகனசுந்தரத்திடம் சொல்ல அன்று மாலையே சொசைட்டிக்குப் போனேன். அவன் மனைவி கௌசிகா பால் ஊற்ற வந்திருந்தாள். அவள் பாலையும் அவன் சோதித்துத்தான் வாங்குவான், அதில் அந்த வீட்டில் சமரசமே கிடையாது.

விஷயத்தைக் கேட்டுவிட்டு மோகனசுந்தரம் சோதனைக் குழாயைக் கழுவினான்.

"போனாப் போகட்டுங்ணா. அந்த ரூல் இருக்கற வரைக்கும் நானு ஆடறனா, நிக்கறனான்னு எனக்கே தெரிய மாட்டேங்குது. ஒரு தடவையாச்சும் நீ வேணும்னு யாராச்சும் கூப்புட்டு நானு ஆடோணும். அப்பத்தானுங்ணா தெரியும்."

"ரூல் போச்சுன்னா நிக்கறதுக்கும் எடங் கெடைக்காதுங்க மாமா," என்றாள் கௌசிகா புருஷனைப் பார்த்து. "மொதல்ல யாராச்சும் பாத்தாத்தானுங்க கூப்புடுவாங்க."

இருவர் பேச்சும் எனக்குச் சரியாகவே பட்டது. அப்படி இருந்தால் எனக்கு எரிச்சல் வரும். டீ குடிக்கப் போய்விட்டேன்.

ஃபைனலுக்கு வந்தது பட்டாம்பி டீம். அதன் மேனேஜர் ரிஜின், முப்பது வயசுக்காரன், எப்போதும் போனும் கையுமாக இருப்பான். அவன் டீமின் ஆப்பிரிக்க வீரருக்கு முந்தின நாள் கணுக்கால் வீங்கிவிட்டது. ஆப்பிரிக்க வீரர் இல்லாத டீமுக்கு எங்கள் ஊரில் டிக்கெட் போகாது. எந்த நாட்டிலிருந்து வந்தவராக இருந்தாலும் எங்கள் கேலரிக்கு அவர் சூடானிதான், அவர் பந்தைத் தொட்டாலே கைத்தட்டல்தான். ரிஜின் ஆள் தேடிக் கோயமுத்தூர் வரைக்கும் போனான். காந்திபுரம் பஸ் ஸ்டாண்டில் நல்ல உயரமாக, நல்ல கறுப்பாக ஒருவர் பஸ்ஸுக்கு நிற்பதைப் பார்த்தான். அவ்வளவுதான், விடவில்லை.

அவர் பெயர் க்வாபெனா. கானா நாட்டுக்காரர். கோவையில் ஒரு கல்லூரியில் மெக்கானிக்கல் படிக்கிறார். கால்பந்து ஆடத் தெரியாது என்று அவர் மூன்று தடவை சொல்லியிருக்கிறார். ரிஜின் அதைப் பேரம் என்று நினைத்து ஒவ்வொரு தடவையும் தொகையை ஏற்றியிருக்கிறான். நாலாவது தடவை மறுக்க அவருக்கு மனம் வரவில்லை. பின்னால் அவரே என்னிடம் சொன்னார், தனக்கு வருவது டேபிள் டென்னிஸ் மட்டும்தானாம்.

இப்படியாக அன்று மாலை பட்டாம்பி டீமில், ஆடத் தெரியும் என்று எல்லோரும் முடிவு கட்டிய ஒருவர் முன்னால் நின்றார். ஆடத் தெரியாது என்று எல்லோரும் முடிவு கட்டிய ஒருவன், விதிப்படி உள்ளூர் ஆளான மோகனசுந்தரம், பின்னால் நின்றான்.

முதல் பாதியில் க்வாபெனா பந்தை நான்கு தடவை உதைத்தார். இரண்டு காற்றில் போயின, ஒன்று நடுவரின் முழங்காலில் பட்டது, ஒன்று எங்கே போனது என்று தெரியவில்லை. கேலரி ஒவ்வொன்றுக்கும் எழுந்து நின்றது. "மிஸ்ஸானா என்ன, அந்த பவரப் பாருடா!" என்று என் பக்கத்தில் ஒருவர் உருகினார். நடுவில் மோகனசுந்தரம் எதிராளியின் காலிலிருந்து பந்தை அலுங்காமல் எடுத்துக் கோல்கீப்பருக்குக் கொடுத்தான். வெகு சுத்தமான வேலை. அதற்கு விசிலும் ஊளையும் வந்தன, பழக்க தோஷம். நானும் மைக்கில், "இன்றைக்குத் தோப்புக்கு விடுமுறை போலிருக்கிறது" என்றேன்.

க்வாபெனாவுக்கு ஆடத் தெரியாது என்பதை அந்த மைதானத்தில் முதலில் கண்டுபிடித்தவன் மோகனசுந்தரம். தினமும் இருநூறு பேர் கொண்டுவரும் பாலை முகம் பார்க்காமல் சோதிக்கிறவன் அல்லவா, அவனிடம் போய் உயரமும் நிறமும் செல்லுமா? அவன் இன்னொன்றையும் கண்டான். எதிர் டீமும் நம் கேலரியைப் போலவே க்வாபெனாவைப் பார்த்து மிரண்டிருந்தது. அவர் எங்கே போனாலும் இரண்டு பேர் அவரை ஒட்டிக்கொண்டே போனார்கள். ஒன்றுமே செய்யாத ஒருவருக்கு இரண்டு காவல்.

இரண்டாம் பாதி தொடங்கும் முன் அவன் க்வாபெனாவின் கையைப் பிடித்து எதையோ சொன்னான். இவனுக்கு இங்கிலீஷ் வராது, அவருக்குத் தமிழ் வராது. விரலால் காற்றில் கோடு போட்டுக் காட்டினான். அவர் தலையாட்டினார்.

ஆட்டம் முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போது அது நடந்தது. இரண்டு பக்கமும் கோல் இல்லை. மோகனசுந்தரம் கையைத் தூக்கினான். க்வாபெனா மெதுவாக இடது பக்கம் கோல்கம்பத்தை நோக்கி நடந்தார். காவல் இரண்டும் கூடவே போயின. நடு வழி திறந்துகிடந்தது. பதினோரு வருடத்தில் முதல் தடவையாக மோகனசுந்தரம் பந்தை வெளியே அடிக்காமல் அதோடு முன்னால் ஓடினான். தொப்பை குலுங்க ஓடினான் என்று சொன்னால் கோபித்துக்கொள்வான், ஆனால் குலுங்கியது உண்மை. நாங்கள் சிரிக்கக்கூட மறந்து பார்த்துக்கொண்டிருந்தோம். அரை மைதானம் தாண்டி ஓங்கி அடித்தான். பந்து இடது கம்பத்தை ஒட்டி உள்ளே போய்க்கொண்டிருந்தது. அங்கே நின்ற க்வாபெனா, முகத்தில் படக்கூடாது என்று திரும்பினார். அவர் தோளில் பட்டு வலைக்குள் விழுந்தது.

கேலரி இடிந்து விழாதது கமுகு மரத்தின் புண்ணியம். எல்லோரும் உள்ளே ஓடி க்வாபெனாவைத் தூக்கினார்கள். நான் மைக்கில் தொண்டை கிழிய, "கானா நாட்டுச் சிங்கம்! என்ன ஒரு கோல்!" என்று கத்தினேன். மோகனசுந்தரம் நடுமைதானத்தில் முழங்காலில் கை ஊன்றி மூச்சு வாங்கிக்கொண்டிருந்தான். ஒருவரும் அவன் பக்கம் போகவில்லை.

பட்டாம்பி ஜெயித்தது. கோப்பை கொடுக்கும்போது க்வாபெனா என்னிடம் மைக்கைக் கேட்டார். அவர் இங்கிலீஷில் சொல்லச் சொல்ல நான் தமிழில் சொன்னேன்.

"நான் பந்தைப் பார்க்கவே இல்லை. முகத்தில் படாமலிருக்கத் திரும்பினேன். எனக்குக் கால்பந்து ஆடத் தெரியாது. எங்கே நிற்க வேண்டும் என்று சொன்னதும், ஓடியதும், அடித்ததும் அந்த அண்ணன்தான்."

ஒரு சொல்கூட மாற்றாமல்தான் சொன்னேன்.  கேலரி, "என்ன அடக்கம்! பெரிய பிளேயர்னா இப்புடி இருக்கோணும்!" என்று முன்னைவிடப் பலமாகத் தட்டியது. க்வாபெனா என்னைப் பார்த்தார். அப்போதாவது நான் வாயைத் திறந்து, இல்லை, அவர் சொல்வது நிஜம் என்று சொல்லியிருக்கலாம். கைத்தட்டல் போதையில், "அடக்கமே உருவான வீரர்!" என்றேன். இன்றைக்கு நினைத்தாலும் எனக்குக் கூசுகிறது.

மறுநாள் காலை நான் வேலைக்குப் பஸ் ஏற நிற்கும்போது கௌசிகா வந்தாள். கையில் காலிப் பால் கேன். முகத்தில் சிரிப்பு இருந்தது, அதுதான் பயமாக இருந்தது.

"ஏனுங்ணா, நேத்து யாருங்ணா கோல் போட்டது?"

"அது வந்து கௌசிகா, ரூல்படி கடைசியா யாரு மேல பட்டுதோ..."

"இன்னைக்குக் கமிட்டிங்களாமா. தெறமை இருக்கறவன் மட்டும் ஆடட்டும்னு நீங்களும் கை தூக்கறீங்களாமா."

நான் பஸ் வருகிறதா என்று பார்த்தேன். வரவேண்டிய நேரத்தில் எங்கள் பஸ் என்றைக்கு வந்தது?

"உங்களுக்கு ஆபீஸ்ல வேலை எந்த லிஸ்ட்டுலிங்ணா கெடைச்சுது?"

இந்த இடத்தில் நான் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். நான் அரசு கிளார்க். கேரள அரசின் பி.எஸ்.சி. தேர்வு எழுதினேன், பாஸ் செய்தேன், எல்லாம் உண்மை. ஆனால் பொது லிஸ்ட்டில் அல்ல. எல்லைப் பகுதித் தமிழர்களுக்காக, தமிழ் தெரிந்தவர்களுக்கென்று போட்ட தனி லிஸ்ட்டில். சேர்ந்த புதிதில் பக்கத்து மேசைக்காரர் இரண்டு வருடம் என் பெயரைச் சொல்லவில்லை, அந்தத் தமிழ் லிஸ்ட் என்ற அர்த்தத்தில் மலையாளத்தில் "ஆ தமிழ் லிஸ்ட்" என்றுதான் கூப்பிட்டார். ஃபைலில் ஒரு தப்பு வந்தால் எல்லோர் கண்ணும் என் மேசைக்கு வரும். பத்தொன்பது வருடம் ஆகிவிட்டது, இன்று அந்த ஆபீஸில் பழைய ஃபைல் எங்கே இருக்கிறது என்று தெரிந்த ஒரே ஆள் நான்தான். அந்த லிஸ்ட் இல்லாவிட்டால் எனக்கு இந்த வேலை வரும் என்பது யாருக்கும் தெரிந்திருக்காது, எனக்கும்தான்.

"வேலை நல்லாத்தானுங்ணா பாக்கறீங்க," என்றாள் கௌசிகா. "என்ற ஊட்டுக்காரரும் நல்லாத்தான் ஆடறாருங்க." கேனை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அன்று மாலைக் கமிட்டியில் ஒன்பது பேர். விதியை எடுக்க நான்கு கை, வைக்க நான்கு கை. மிச்சம் நான். "நேற்று கோல் போட்டது மோகனசுந்தரம். அது சத்தியம்," என்று ஆரம்பித்தேன். செங்கோட்டையன் வயிறு குலுங்கச் சிரித்தார்.

"சினேகிதன்னா இப்புடியா உட்டுக்குடுக்காமப் பேசறது! அந்தச் சூடானியே நெனைச்சாலும் அந்த மாதிரி இன்னொருக்கா அடிக்க முடியாதுங்க."

அது மட்டும் உண்மை என்று நினைத்துக்கொண்டேன். விதி இருக்கட்டும் என்று கை தூக்கினேன். விதி பிழைத்தது.

நல்ல செய்தி கொண்டுபோகிற மிடுக்கோடு சொசைட்டிக்குப் போனேன். மோகனசுந்தரம் பால்மானியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தான்.

"உங்களை யாருங்ணா கேட்டா? போகட்டும்னுதான சொன்னேன். அடுத்த வருசத்துக்கு உள்ளூர் லிஸ்ட்டுல இருந்து என்ற பேரை எடுத்துருங்க."

"பேரை எடுத்துட்டா அப்பறம் உன்னை ஆரு கூப்புடுவா?"

"கூப்புட்டா ஆடறேன். கூப்புடலீன்னா எனக்குத் தெரிஞ்சு போச்சுன்னு வெச்சுக்கறேன்."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. தலைவரைப் பகைத்துக்கொண்டு ஓட்டுப் போட்டவனுக்கு ஒரு டீகூட இல்லை. ஆனாலும் அவன் சொன்னபடி பேரை அடித்துவிட்டேன்.

ஒரு வாரம் போனது, இரண்டு வாரம் போனது. மோகனசுந்தரம் போனைப் பால் அளக்கும் மேசைமேல், திரை மேலே தெரியும்படி வைத்துக்கொண்டான். அது அடிக்கும்போதெல்லாம் தீவன வண்டிக்காரராக இருக்கும். நான் வழக்கம்போல ஏதாவது கேலி சொல்லப் போவேன், அவன் கண் போன பக்கம் பார்த்துவிட்டு விழுங்கிக்கொள்வேன்.

மூன்றாவது வாரம், வியாழக்கிழமை, ரிஜின் என்னைக் கூப்பிட்டான்.

"சேட்டா, நம்ம மோகனசுந்தரம் உண்டல்லோ, அவன்ற நம்பர் வேணும். ஞாயிறாழ்ச்ச பட்டாம்பியில ஒரு மேட்ச் உண்டு."

"அங்க உள்ளூர் ரூல் ஒண்ணும் இல்லையே?"

"ஒரு ரூலும் இல்லா. அன்னைக்கு ஆ ரெண்டு பேரை ஓரத்துக்கு இழுத்தது அவன்ற புத்தியல்லே? ஞான் கண்டதா."

அந்த மைதானத்தில் இன்னொருவனும் சரியாகப் பார்த்திருக்கிறான் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. நம்பரைக் கொடுத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை நானும் கூடப் போனேன். பட்டாம்பியில் அவனை யாருக்கும் தெரியாது. தேங்காய்க் கூச்சல் இல்லை, அவனுக்கென்று தனி விசில் இல்லை. ஆரம்பத்தில் அவன் கோல்கீப்பரைப் பார்த்துத் தமிழில் கத்தினதைக் கேட்டு யாரோ, "பாண்டிக்காரனா?" என்றார்கள். நாங்கள் கோயமுத்தூர் போனால் மலையாளத்தான், பட்டாம்பி போனால் பாண்டி, அதாவது தமிழன். எங்கள் ஊர் எங்கேதான் இருக்கிறது என்று எங்களுக்கே சில சமயம் சந்தேகம் வரும்.

எதிர் டீமில் இருபது வயசுப் பையன் ஒருவன் இடது ஓரத்தில் ஓடினான். மோகனசுந்தரம் பந்தை எடுக்கக் காலை நீட்டினான். பையன் அந்தக் காலைத் தாண்டிப் போய்க் கோல் போட்டான். பத்து நிமிடம் கழித்து இன்னொரு தடவை, அதே காலைத் தாண்டி, அதே மாதிரி. ரிஜின் கோட்டருகே வந்து, "மோகனா, கேறி வா!" என்று கையசைத்தான். மோகனசுந்தரம் நடந்து வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தான். துண்டைத் தலையில் போட்டுக்கொண்டான். ஆட்டம் முடிகிறவரை உள்ளே போகவில்லை.  இதற்காகவா இந்த ஆள் மூன்று வாரம் போனைப் பார்த்துக்கொண்டிருந்தான் என்று இருந்தது.

திரும்பும் பஸ்ஸில் பாலக்காடு தாண்டியதும் நான்தான் தேற்றினேன்.

"உடு மோகனு. அந்தப் பையன் கால்ல சக்கரங் கட்டியிருந்தான்."

அவன் திரும்பினான். சிரித்துக்கொண்டிருந்தான், ஆனால் கண் கலங்கியிருந்தது.

"பதினோரு வருசமா நானு என்ன ஆடினாலும் என்னய வெளிய எடுக்க முடியாதுங்ணா. எட்டுக் கோல் வாங்குனப்பக்கூட நின்னுட்டுத்தான் இருந்தேன். இன்னைக்கு எடுத்துட்டாங்க, பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"சரியாத்தான் எடுத்தாங்க. நானா இருந்தா மொதக் கோலுக்கே எடுத்திருப்பேன்."

"அப்பறம் ரிஜின் என்ன சொன்னான்? கெளம்பறப்ப உன்னைத் தனியாக் கூட்டிட்டுப் போனானே?"

"வர்ற ஞாயித்துக்கெழமை ஒரு மணி நேரம் முன்னாலயே வரச் சொன்னாருங்ணா. காலை முன்னாடி நீட்டாம அந்த மாதிரிப் பையனை எப்புடி மறிக்கறதுன்னு சொல்லித் தர்றாராமா." துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்தான். "இத்தனை வருசத்துல வெளிய அடின்னுதானுங்ணா எல்லாரும் சொன்னாங்க. ஒருத்தரும் எனக்கு ஒண்ணுஞ் சொல்லித் தந்ததில்லை."